நரம்பு முறிந்தால் இரத்தம் சொல்லும்

ஊசிக்கணவாயின் உடலில் வெறுங்கண்ணுக்கே தெரிகிற ஒரு நரம்பிழை உண்டு. ஆபத்து நெருங்கியதும் தண்ணீரைப் பீய்ச்சியடித்துப் பின்பக்கமாகப் பாய்ந்து தப்பிக்கிறதே, அந்தப் பாய்ச்சலுக்கான உத்தரவைக் கொண்டுபோகும் இழை அது. தடிமன் அரை மில்லிமீட்டருக்கு மேலும் போகும். 1961-இல் இங்கிலாந்தின் பிளிமத் கடலுயிர் ஆய்வகத்தில் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா என்ற மூவர் அந்த இழையை வெட்டியெடுத்து, ரப்பர் தளத்தின்மேல் கிடத்தி, ஒரு சிறு உருளையை அதன்மேல் ஓட்டினார்கள். உள்ளே இருந்த கூழ் வெட்டுவாய் வழியாகப் பிதுங்கி வெளியே வந்தது. மிஞ்சிய வெறுங்குழாயில் உப்புக் கரைசலை நிரப்பி மின்துடிப்பு கொடுத்தார்கள். துடிப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

நரம்பு சேதி கடத்துவதற்கு அதன் மேலுறை போதும், உள்ளே இருக்கும் கூழ் தேவையில்லை என்பது அன்று உறுதியானது. உயிரியலின் அழகான சோதனைகளில் ஒன்று அது. அதோடு அந்தக் கூழில் இருந்த ஒரு புரதத்தின் மதிப்பும் சரிந்தது.

அதற்கு முந்தைய நூற்றாண்டில் அந்தப் புரதத்தாலான நார்களுக்கு இருந்த மதிப்பே வேறு. நரம்புச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு உள்ளே மெல்லிய நார்கள் நெடுக ஓடுவது தெரிந்தது. அந்த நார்கள்தான் சேதியைக் கடத்தும் கம்பிகள் என்று ஹங்கேரியின் அபாதி போன்றவர்கள் அடித்துச் சொன்னார்கள். 1903-இல் ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் கஹால் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நார்களைக் கருநிறத்தில் எடுத்துக்காட்டும் புது முறையைக் கண்டுபிடித்தார். குளிர்கால உறக்கத்தில் கிடக்கும் பல்லிகளின் நரம்புச் செல்களில் இந்த நார்கள் தடித்துப்போவதை அவருடைய மாணவர் தெயோ பார்த்தார். மறு ஆண்டே, வெறிநாய்க்கடி நோயால் இறந்த விலங்குகளின் நரம்புச் செல்களிலும் நார்கள் உருமாறிக் கிடப்பதைக் கஹால் எழுதினார். நோய் வந்தால் இந்த நார்களில் தெரியும் என்பதற்கு முதல் தடயங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அன்று அதைக் காண ஒரே வழி, இறந்த உடலின் மூளையை அறுத்துச் சாயம் ஏற்றுவதுதான்.

நார் எதனால் ஆனது என்ற கேள்விக்குப் பதில் தேட மறுபடி கணவாயிடமே போனார்கள். 1930களில் ஜே. இசட். யங் அந்தப் பெரிய நரம்பிழையை உலகுக்கு அடையாளம் காட்டியபின், பிரான்சிஸ் ஷ்மிட் என்ற அமெரிக்க உயிரியலாளர் அதன் உட்கூழிலேயே தன் காலத்தைச் செலவிட்டார். 1950-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் அதில் நீண்ட, கிளையற்ற இழைகளைக் காட்டினார். ஊசிக்கணவாய் போதாது, இன்னும் பெரிய இழை வேண்டும் என்று அவருடைய குழு சிலி நாட்டுக் கடற்கரைக்கே போய் ஹம்போல்ட் கணவாயைப் பிடித்து அதன் நரம்பைப் பிழிந்தது. பிளிமத் சோதனை வந்து ‘இது சேதி கடத்துவதில்லை’ என்று சொன்ன பிறகும், ‘அப்படியானால் இவ்வளவு எதற்காக இருக்கிறது’ என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். அறிவியலில் அப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

1975-இல் பால் ஹாஃப்மன், ரேமண்ட் லாசெக் இருவரும் எலியின் தண்டுவடத்தில் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தைச் செலுத்தினார்கள். செல்கள் அதை வைத்துப் புதுப் புரதம் செய்யும். அந்தப் புரதம் காலுக்குப் போகும் நரம்பில் இறங்கும். நாள்கள் கழித்து நரம்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் எது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மிக மெதுவாக, நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்துவந்த கூட்டத்தில் மூன்று புரதங்கள் எப்போதும் சேர்ந்தே இருந்தன. நியூரோஃபிலமென்ட் என்கிற நரம்பு நாரின் மூன்று உறுப்புகள் அவை: கனமானது ஒன்று, நடுத்தரம் ஒன்று, இலேசானது ஒன்று. அந்த இலேசானதுதான் இன்று உலகமெங்கும் நரம்பியல் மருத்துவர்கள் பேசுகிற ‘நியூரோஃபிலமென்ட் லைட்’, சுருக்கமாக என்.எஃப்.எல்.

நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். நம் இடுப்புக்கு மேலே தண்டுவடத்தில் இருக்கும் செல் ஒன்று தன் இழையைப் பாதம்வரை, ஒரு மீட்டர் நீளத்துக்கு நீட்டியிருக்கிறது. அங்கே செய்த புரதம் கால்விரலுக்கு வந்துசேர, இந்தக் கணக்குப்படி, ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும். அவ்வளவு பொறுமையாகக் கட்டிய கட்டுமானம் அது.

கட்டுமானம் எதற்கு என்பதை ஒரு காடை சொன்னது. நம் ஊர்ப் பண்ணைகளில் கறிக்கும் முட்டைக்கும் வளர்க்கிற அதே ஜப்பானியக் காடையினத்தில், ஜப்பானின் ஆய்வகம் ஒன்றில் ஒரு வம்சம் மட்டும் பிறவியிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. 1991-இல் அதன் நரம்பை ஆராய்ந்தபோது இழைகள் மெலிந்து கிடந்தன. உள்ளே நார்களே இல்லை. 1993-இல் காரணம் தெரிந்தது. இலேசான புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஒரு பிழை; புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இலேசானது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து நாராக முடியாது. நார் இல்லாவிட்டால் இழை பருக்காது. இழை பருக்காவிட்டால் சேதி வேகமாக ஓடாது. சேதியைக் கடத்துவது மேலுறைதான். அந்த உறையை விரித்து நிறுத்தி அதற்கு வேகம் கொடுப்பது உள்ளிருக்கும் நார். பிளிமத்தில் பிதுக்கித் தள்ளிய கூழின் வேலை இப்படித்தான் துலங்கியது. 2000-இல் மனிதர்களிலும் இதே மரபணுவின் பிழை, கைகால் நரம்புகளை மெல்லத் தின்னும் ஒரு பரம்பரை நோய்க்குக் காரணம் என்று தெரியவந்தது.

அந்தப் பக்கம் உயிரியலாளர்கள் இப்படிப் போய்க்கொண்டிருக்க, ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் வேறொரு கணக்கு ஓடியது. லார்ஸ் ரோசன்கிரெனும் உடனிருந்தவர்களும் நினைத்தது எளிமையானது. இந்தப் புரதம் நரம்புச் செல்லில் மட்டுமே ஏராளமாக இருக்கிறது. இழை முறிந்தால் உள்ளே இருப்பது வெளியே கசியத்தானே வேண்டும்? மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி நிற்கும் நீரில் அதைத் தேடினால் என்ன? குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்து நிறத்தால் அளவு காட்டும் எலைசா முறையில் தேடினார்கள். கிடைத்தது. 1996-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக மடிந்துபோகிற ஏ.எல்.எஸ். நோயாளிகளின் நீரில் இந்தப் புரதம் மிக உயர்ந்திருந்தது. வேறு சில மூளைச் சிதைவு நோய்களிலும் உயர்ந்திருந்தது. இரண்டு ஆண்டுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும் அதையே பார்த்தார்கள். 2006-இல் அதே நகரத்திலிருந்து வந்த ஆய்வு எனக்கு மறக்க முடியாதது. அமெச்சூர் குத்துச்சண்டை வீரர்கள் பந்தயம் முடிந்து சில நாள்களில் அந்த முதுகுத்தண்டு நீரைக் கொடுத்தார்கள். அவர்களில் யாரும் நினைவிழந்து விழுந்தவர்கள் அல்ல; நன்றாக நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள். ஆனாலும் அளவு ஏறியிருந்தது. சில மாதம் ஓய்வெடுத்தபின் இறங்கியது. வெளியே ஒன்றும் தெரியாத அடி உள்ளே இழைகளை முறித்திருந்தது.

இவ்வளவு தெரிந்தும் இந்தச் சோதனை ஆய்வகச் சுவரைத் தாண்டவில்லை. காரணம் அந்த நீர்தான். ‘முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணும்’ என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் முகங்கள் மாறிவிடும். இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விடும் என்று யாராவது ஒரு பெரியம்மா சொல்வார். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. தண்டுவடம் முடிந்துபோகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. ஆனாலும், ஒரு முறை சம்மதிப்பவர்கூட மாதாமாதம் அதற்கு முதுகைக் காட்டமாட்டார். நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டுமானால் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். அதற்குக் கையில் எடுக்கும் இரத்தம்தான் வழி.

சிக்கல் என்னவென்றால், முதுகுத்தண்டு நீரில் இருப்பதில் மிகச் சிறு பங்குதான் இரத்தத்தில் இருக்கிறது. ஆரோக்கியமான இளவயதுக்காரரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் பத்துப் பிகோகிராமோ அதற்கும் குறைவோதான் தேறும். செம்பரம்பாக்கம் ஏரி முழுக் கொள்ளளவில் ததும்பி நிற்கும்போது அதில் ஒரு கிலோ சர்க்கரையைக் கரைத்தால் எவ்வளவு இனிக்குமோ, அவ்வளவு. பழைய எலைசாவுக்கு அது எட்டாது.

எட்டவைக்க இரண்டு கைவேலைகள் சேர வேண்டியிருந்தது. ஒன்று, இந்தப் புரதத்தை மட்டுமே பற்றிக்கொள்ளும் எதிர்ப்பான். வட ஸ்வீடனின் ஊமியோ பல்கலைக்கழகத்தில் நிக்லாஸ் நோர்கிரென் குழுவினர் 2002-இல் அப்படிப்பட்ட எதிர்ப்பான்களைச் செய்து வெளியிட்டார்கள். 47:3, 2:1 என்ற வெறும் எண்களால் அழைக்கப்படும் ஒரு ஜோடி அவற்றிலிருந்து நிலைத்தது. ஒன்று புரதத்தைப் பிடிக்கும். மற்றது பிடிபட்டதை அடையாளம் காட்டும். பின்னாளில் உலகின் பல ஆய்வகங்கள் அளந்த என்.எஃப்.எல். எண்களுக்குப் பின்னால் இந்த ஜோடிதான் நின்றது. 2013-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரைச் சேர்ந்த யென்ஸ் கூலே குழுவினர் இதே எதிர்ப்பான்களை இன்னும் கூர்மையான வேறொரு கருவியில் பயன்படுத்தி, நோயாளிகளின் இரத்தத்திலேயே உயர்வைக் காட்டினார்கள்.

இரண்டாவது வேலை, நரம்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் இடத்தில் நடந்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது டேவிட் வால்ட் என்ற வேதியியலாளர் இருந்தார். ஒளியிழைக் கற்றையின் முனையை அரித்தால் ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு நுண்குழி உண்டாகும். அந்தக் குழிகளை வைத்து என்ன செய்யலாம் என்பது அவருடைய நெடுநாள் வேலை. 2010-இல் அவருடைய வழியில் வந்தவர்கள் எலைசாவையே தலைகீழாக்கினார்கள்.

வழக்கமான எலைசாவில் பிடிபட்ட மூலக்கூறுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கிண்ணத்துத் திரவத்துக்கு நிறம் கொடுக்கும்; நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து அளவு சொல்வார்கள். மூலக்கூறுகள் மிகக் குறைவென்றால் அந்த நிறம் திரவத்தில் கலைந்து காணாமல் போய்விடும். புதிய முறையில் இரத்தத் துளிக்குள் இலட்சக்கணக்கான நுண்மணிகளை விடுகிறார்கள். ஒவ்வொன்றும் மூன்று மைக்ரானுக்கும் சிறியது. மேலே எதிர்ப்பான் பூசியது. மணிகள் அத்தனை அதிகம், தேடும் மூலக்கூறு அத்தனை குறைவு என்பதால், ஒரு மணியில் ஒட்டினால் ஒன்று ஒட்டும், பெரும்பாலானவற்றில் ஒன்றுமே ஒட்டாது. ஒட்டியதன்மேல் ஒரு நொதியைக் கட்டுகிறார்கள். பிறகு மணிகளைக் குழிகளுக்குள் இறக்கி, குழிக்கு ஒரு மணிதான் என்ற கணக்கில் அமர்த்தி, மேலே எண்ணெயால் மூடிவிடுகிறார்கள். குழியின் கொள்ளளவு ஒரு லிட்டரின் இருபது இலட்சம் கோடியில் ஒரு பங்கு, அதாவது ஐம்பது ஃபெம்டோலிட்டர். அந்தக் குறுகிய அறைக்குள் ஒரே ஒரு நொதி வேலை செய்தாலும் வெளிச்சம் கலைந்துபோக இடமில்லை, குழி ஒளிர்ந்துவிடும். அப்புறம் படமெடுத்து, ஒளிரும் குழிகளையும் இருண்ட குழிகளையும் எண்ணுவதுதான் வேலை. எவ்வளவு நிறம் என்ற கேள்வி போய், உண்டா இல்லையா என்ற கேள்வியாகிவிட்டது. சிமோவா என்ற பெயரில் இது சந்தைக்கு வந்தது. 2016-இல் கோத்தன்பர்க்காரர்கள் இந்தக் கருவியில் ஊமியோ எதிர்ப்பான்களை ஏற்றி, எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் இரத்தத்தை அளந்தார்கள். இரத்தத்தின் எண்ணும் முதுகுத்தண்டு நீரின் எண்ணும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்கின.

அதன்பிறகு அணை திறந்ததுபோலத்தான். 2017-இல் மட்டும் ஹண்டிங்டன், அல்சைமர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று வரிசையாகக் கட்டுரைகள். பார்க்கின்சன் நோயையும் அதைப்போலத் தோன்றினாலும் அதைவிட வேகமாகச் சீரழிக்கும் நோய்களையும் பிரித்தறிய இது உதவும் என்று அதே ஆண்டில் காட்டினார்கள். சாதாரணப் பார்க்கின்சனில் இந்தப் புரதம் அதிகம் ஏறுவதில்லை. இதயத்துடிப்பு நின்று மீட்கப்பட்டு நினைவு திரும்பாமல் கிடப்பவர்களில் யார் தேறுவார்கள் என்று கணிக்கவும் 2019-இல் பயன்படுத்திப் பார்த்தார்கள். பரம்பரை அல்சைமர் மரபணு உள்ள குடும்பங்களில், மறதி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த எண் வேகமெடுப்பதும் அந்த ஆண்டுதான் வெளியானது.

இத்தனை நோயிலும் ஏறுகிறதென்றால், இது எந்த நோயையும் தனியாகச் சுட்டாது என்றுதானே பொருள்? ஆமாம். என்.எஃப்.எல். உயர்ந்திருக்கிறது என்றால் எங்கோ நரம்பிழை முறிகிறது, அவ்வளவுதான். மூளையிலா, காலிலா, நீரிழிவாலா, அடியாலா என்று அது சொல்லாது. வயது ஏற ஏறத் தானாகவும் கூடும். பருமனானவர்களுக்கு இரத்தத்தின் மொத்த அளவு கூடுதல் என்பதால் எண் குறைந்து தெரியும். சிறுநீரகம் சோர்ந்தால் எண் கூடித் தெரியும். 2022-இல் பாசெல் குழுவினர் ஆயிரக்கணக்கானவர்களின் இரத்தத்தை அளந்து, வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அட்டவணை போட்ட பிறகுதான் ஒருவருடைய எண்ணை வைத்து ஏதாவது பேச முடிந்தது. இது குறை என்று சொல்பவர்கள் உண்டு. என் கணிப்பு வேறு. நோயின் பெயரைக் கண்டுபிடிக்க மருத்துவரிடம் வேறு வழிகள் இருக்கின்றன. பெயர் தெரிந்தபின், கொடுக்கிற மருந்து நரம்பைக் காப்பாற்றுகிறதா இல்லையா என்று உடனே அறிய வழியில்லாமல்தான் இத்தனை காலம் தவித்தோம். அந்த ஒரு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான புரதம் இதுவரை கிடைக்கவில்லை.

அந்த வேலையின் மிகக் கடினமான தேர்வு ஏ.எல்.எஸ். நோயில் வந்தது. இந்த நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்கு எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவின் பிழையால் நோய் வருகிறது. அந்த மரபணுவின் உத்தரவைத் தடுக்கும் தோஃபெர்சென் என்ற மருந்தை 108 பேரிடம் 28 வாரம் சோதித்தார்கள். நடக்க, விழுங்க, எழுத முடிகிறதா என்று மதிப்பெண் போடும் அட்டவணையில், மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று ஊசி பெற்றவர்களுக்கும் நிரூபிக்கத்தக்க வேறுபாடு இல்லை. வழக்கமான விதிப்படி அந்த மருந்து தோற்றது. ஆனால் இரத்தத்தில், மருந்து பெற்றவர்களின் என்.எஃப்.எல். 55 சதவீதம் இறங்கியிருந்தது. மற்றவர்களுக்கு 12 சதவீதம் ஏறியிருந்தது. நரம்பு முறிவது நின்றுவருகிறது, பலன் உடம்பில் தெரிய இன்னும் காலம் வேண்டும் என்று அந்த எண் சொல்வதாகச் சிலர் வாதிட்டார்கள்.

2023 மார்ச் 22 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவில் ஒன்பது பேர் கூடினார்கள். மருந்து நோயாளிக்குப் பலன் தருவதை இந்தச் சோதனையின் சான்றுகள் நிறுவுகின்றனவா என்ற கேள்விக்கு மூவர் ஆம், ஐவர் இல்லை, ஒருவர் வாக்களிக்கவில்லை. என்.எஃப்.எல். இறங்கியிருப்பது பலன் வரும் என்று நம்பப் போதுமான அறிகுறியா என்ற கேள்விக்கு ஒன்பது பேரும் ஆம். அடுத்த மாதம் 25-ஆம் தேதி, அந்த எண்ணை நம்பியே மருந்துக்கு விரைவு அனுமதி கிடைத்தது. 2024-இல் ஐரோப்பாவும் அனுமதித்தது.

அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதை எல்லா மருந்துக்கும் நீட்டக்கூடாது. இங்கே காரணமான மரபணு தெரியும். அதன் புரதம் குறைந்ததை அளந்தார்கள். அதன்பின் நரம்பு முறிவும் குறைந்தது. சங்கிலியில் கண்ணி விடுபடவில்லை. எதிர்ப்புறமும் ஒரு பாடம் உண்டு. 2022-இல் ஏ.எல்.எஸ். நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்னொரு மருந்து, நியூரோஃபிலமென்ட்டின் கனமான உறுப்பின் அளவை அசைக்கவே இல்லை. 2024-இல் முடிவு வெளியான பெரிய சோதனையில் அது தோற்று, சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

எஸ்.ஓ.டி.1 பிழையைச் சுமந்துகொண்டு இன்னும் நோய் வராமல் இருப்பவர்களுக்கு, கைகால் தளர்வதற்கு ஓராண்டு முன்பிருந்தே என்.எஃப்.எல். ஏறக்கூடும் என்று மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெனட்டார் குழுவினர் 2018-இல் காட்டினார்கள். அதை வைத்து 2021-இல் அட்லஸ் என்ற சோதனை தொடங்கியது. நன்றாக இருக்கும்போதே அவர்கள் தொடர்ந்து இரத்தம் கொடுக்கிறார்கள். எண் குறித்த அளவைத் தாண்டினால், முதல் அறிகுறிக்குக் காத்திராமல் சோதனை ஊசி தொடங்குகிறது.

ஆகவே வாசகரிடம் இரண்டு வார்த்தை. உடல்நலப் பேக்கேஜ்களில் இந்தச் சோதனையைப் பார்த்தால், எந்தத் தொந்தரவும் இல்லாமல் நீங்களாகச் செய்துகொள்ளாதீர்கள். பெயர் சொல்லாத ஓர் எண் கவலையை மட்டுமே தரும். உங்கள் வீட்டில் யாருக்காவது ஏ.எல்.எஸ். என்று சொல்லியிருந்தால், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும்கூட, எஸ்.ஓ.டி.1 மரபணுச் சோதனை செய்யலாமா என்று நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். அந்த ஒரு வகைக்கு இப்போது மருந்து இருக்கிறது.